கலருக்குத் தனி ரேட்டு இல்லை

இன்று சேத்தியாத்தோப்பிலிருந்து திரும்பும்போது, பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறாள் போல. வாடிய மல்லிகையும் ஹேர் ஸ்ப்ரேயும் கலந்த வாசனையை ஜன்னல் காற்று என் முகத்தில் கொண்டுவந்து அடித்தது. வேலை முடிந்து வரும்போது உன் சுடிதாரிலும் இதே வாசனைதான் இருக்கும். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் திரும்பிவிட்டேன். நீ இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன். சொல்லாமல் இருக்க முடியாத அளவுக்குக் கோபமாக இருக்கிறது.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். யாராவது பேர் கேட்டாலே உன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பவள். சிதம்பரம் பார்லரில் வேலைக்குச் சேரும்போதுகூட எனக்கும் சேர்த்து நீதான் பேசினாய். அங்கே மணப்பெண் அலங்காரத்துக்கு ஒரு விலை, பெண் கருப்பாக இருந்தால் அதற்கு மேல் இன்னொரு விலை. பெண்ணை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே ஓனர் அக்கா அவள் அம்மாவிடம் சொல்வார்: "கொஞ்சம் டார்க்கா இருக்காங்க. சாமான் ஜாஸ்தி புடிக்கும், பாத்துக் குடுங்க."

எந்த அம்மாவும் ஏன் என்று கேட்டதில்லை. பூக்காரியிடம் அரை முழத்துக்குச் சண்டை போடுகிறவர்கள்கூட, இதற்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கொடுத்தார்கள், அபராதம் கட்டுவதுபோல.

ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது, "மூஞ்சியக் காட்டுடி" என்றாய். என் மாநிறத்துக்கான ஃபவுண்டேஷனை எனக்குப் போட்டாய். உன் கருப்புக்கானதைக் கலந்து உனக்குப் போட்டுக்கொண்டாய். இரண்டு முகத்துக்கும் ஒரே அளவுதான் பிடித்தது. பிறகு உன் முகத்தைக் கழுவிவிட்டு, கடையில் இருந்ததிலேயே வெளுப்பான பாட்டிலை எடுத்துப் பூசிப் பார்த்தாய். பூசப் பூச சாம்பல் பூத்த மாதிரி ஆனதே தவிர, மூடவில்லை. பாட்டிலில் பாதி போய்விட்டது.

"பாத்தியாடி? கருப்புக்கு ஜாஸ்தி புடிக்கல. பொய்க்குத்தான் ஜாஸ்தி புடிக்குது."

அந்த மாதமே நாம் வெளியே வந்துவிட்டோம். மஞ்சக்குப்பத்தில் உன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நம் விலையை முடிவு செய்தோம். சாமான், பஸ் செலவு, புடவை கட்டுவது, தலை அலங்காரம், இரண்டு பேர் கூலி, எல்லாம் சேர்த்து எல்லாருக்கும் ஒரே விலை. புதுசுதானே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று நான் இழுத்தேன். "நம்ம ஒழைப்ப நாமளே கொறச்சிக்கினா, அதுவும் அநியாயந்தான்டி" என்றாய்.

நியாயமான விலை வைத்தால் சனங்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். சந்தேகம்தான் பட்டார்கள். "கூட வாங்கலன்னா கலரு எப்புடிம்மா ஏறும்?" என்று கேட்டுவிட்டு எத்தனை பேர் எழுந்து போனார்கள்! எனக்கு அழுகை வரும். உனக்குச் சிரிப்புதான். "ஏமாறலன்னா இவுங்களுக்குக் கல்யாணம் பண்ண மாதிரியே இருக்காதுடி."

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. கல்யாணமாகாத பெண் என்று உனக்குப் பட்டுப்புடவை கட்டி, மாலை போட்டு, மணப்பெண்ணாகவே அலங்கரித்தார்கள். உன் சித்தி ஒரு பவுடர் டப்பாவைத் திறந்தாள். "கடேசியாவாச்சும் கொஞ்சம் வெளுப்பா இருக்கட்டும்" என்று சொல்லி அழுதுகொண்டே பூசினாள். நான் துணியை நனைத்து அதை முழுக்கத் துடைத்தேன். நம் பெட்டியை எடுத்துவந்து, உன் நிறத்தைக் கலந்து, நானே போட்டுவிட்டேன். சித்தி என்னை முறைத்துக்கொண்டே நின்றாள். அன்றைக்கு நீ அழகாக இருந்தாய்.

அதற்குப் பிறகு தேடி வந்த வேலைகளைத்தான் செய்தேன். போய்ப் பேசும் தைரியம் இன்றுதான் வந்தது. சேத்தியாத்தோப்பு வீட்டில் பெண்ணின் அம்மா கதவோரம் நிற்க, பெரியம்மாதான் எல்லாம் பேசினார். பெண் ஓரமாக நகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என் வயசுதான் கொஞ்சம் முன்னே பின்னே. நான் விலையைச் சொன்னதும் பெரியம்மா கேட்டார்:

"அது சரி. இவ கலருக்குத் தனியா எவ்ளோ?"

"கலருக்குத் தனி ரேட்டு இல்லம்மா."

"என்னாது இல்லயா? சிதம்பரத்துல வாங்கறாங்களே. உனக்கு வேல தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா. அவுங்க கலர்லயே போடுவேன்."

"அப்ப இவ எப்புடி இருப்பா?"

"அவுங்களாத்தாம்மா இருப்பாங்க."

பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அவளா இருக்கறதுக்கு எதுக்குடி மேக்கப்பு? மூஞ்சி கழுவினா போதாது?"

வீடே சிரித்தது. பெண்ணும் சிரித்தாள், அவளுக்கு வேறு வழியில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, அவள் இன்னும் அந்தச் சிரிப்பை முகத்தில் பிடித்து வைத்திருப்பது தெரிந்தது. திரும்பி நின்று கேட்டுவிட்டேன்.

"அப்ப மாப்ள வூட்டுக்கு நீங்க கட்டிக் குடுக்கறது யாரம்மா?"

நான்தான் கேட்டேன். உன்மேல் சத்தியமாக நான்தான். யாரும் சிரிக்கவில்லை. பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பெரியம்மா, "போன் பண்றோம், போம்மா" என்றார்.

சாயங்காலம் போன் வந்தது. சிதம்பரத்திலேயே பேசி முடித்துவிட்டார்களாம். அந்தப் பெண் அதே நாற்காலியில் உட்காருவாள். அவள் காதுபடவே சொல்வார்கள், அவள் அம்மா குனிந்துகொண்டு எடுத்துக் கொடுப்பாள். எனக்கு வேலை போனதைவிட அதுதான் எரிகிறது. யாருக்குக் கட்டுகிறார்கள் இந்த அபராதத்தை? பிறந்ததற்கா?

உன்னைப்போல் சிரித்துவிட்டு விட எனக்கு வரவில்லை. நீ விட்டுப்போனதில் விலையும் கோபமும்தான் என்னிடம் இருக்கின்றன, இரண்டையும் நான் குறைப்பதாக இல்லை. நாளைக்குத் திருவதிகையில் ஒரு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தனியாகத்தான் போகிறேன். அங்கேயும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். இந்தத் தடவை என் கேள்வியைத் திருப்பிக் கேட்க, வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்வரை காத்திருக்க மாட்டேன்.