பின்னாலிருந்து போர்த்திய பொன்னாடை

டார்ம்ஸ்டாட், ஜெர்மனி, நவம்பர் 2006

அன்புள்ள வசுமதிக்கு,

நீயும் அத்தையும் நலம்தானே? எனக்கு இரண்டு பல் குறைவு, மற்றபடி சுகம்.

இங்கே பேச ஓர் அமெரிக்க அங்கத நாவலாசிரியர் வந்தார். விமர்சகரும்கூட; அவர் கிழித்த எழுத்தாளர்கள் கொன்றுவிடுவதாக அவருக்கு எழுதுவது வழக்கமாம். தமிழ் மாணவர்கள் சார்பில், பேசிக்கொண்டிருந்தவருக்குப் பின்னாலிருந்து பொன்னாடை போர்த்தினேன். கழுத்தில் துணி பட்டதும் முழங்கையால் என் வாயில் இடித்தார். விழுந்த பிறகும் உதைத்தார்.

"விமர்சகர்டா அவர். பின்னாலேர்ந்தா போவாங்க?" என்றான் என்னோடு படிக்கும் கிரிதர், அந்தப் பொன்னாடையாலேயே என் ரத்தத்தைத் துடைத்தபடி.

விஷயம் புரிந்ததும் நாவலாசிரியர் மருத்துவமனை வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். இந்த ஊருக்கு வந்த பிறகு என் கையை ஒருவர் பிடித்தது அதுதான் முதல் முறை.

தையல் பிரிக்கக் கூப்பிடுகிறார்கள். இந்த முறை முறுக்கு வேண்டாம், சத்துமாவு போதும். விசா கிடைத்தால் நீயே கொண்டுவா.

உன்,
சிவராம்