ஏழு பத்துக்கு எழுதிய எட்டு மணி

சிஸ்டர்,

வார்டு மேசையில் திறந்து கிடந்த ரிஜிஸ்டரைப் பார்த்ததும் உங்கள் நினைவு வந்தது. கூடவே கோபமும் வந்தது. அஞ்சாம் கிளாஸோடு நின்றவன் நான். ஆனால் கடிகாரம் பார்க்கத் தெரியும். சுவரில் மணி ஏழு பத்து. ஆபரேஷனுக்கு முன்னால் போடுகிற கிருமித் தடுப்பு ஊசி ஆறு பேருக்கும் எட்டு மணிக்குப் போட்டாச்சு என்று ரிஜிஸ்டரில் ஒரே மையில் எழுதியிருந்தது.

இரண்டாவது பேர் என் வீட்டுக்காரி. பித்தப்பையில் கல். சர்க்கரை வேறு. காலில் முள் குத்திய புண் ஆறவே மூன்று மாதம் எடுத்தவள். வயிற்றில் சீழ் வைத்தால் தாங்க மாட்டாள்.

ஏழேகாலுக்கு நர்ஸ் பெண் வந்து வரிசையாகக் குத்தினாள்.

"பேட்டி, டாக்டர் எப்ப வருவார்?" என் மகள் வயசுதான் அவளுக்கு.

"அக்கரை பாம்பூஃப்ளாட்ல இருந்து வரணும் அங்கிள். ஃபெர்ரி புடிச்சு வர பதினொண்ணு ஆயிடும்."

"ஊசி மட்டும் முதல் ஃபெர்ரியிலயே வந்துடுச்சா?"

சிரித்தாள். "சப் டீக் ஹை அங்கிள், எல்லாம் சரியாத்தான் இருக்கு. டெய்லி இப்படித்தான் போடுறோம்."

அவள் தலைக்கு மேலேயே விதிமுறைத் தாள் பளபளவென்று ஒட்டியிருந்தது. கத்தி படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஊசி என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. தூசி தட்டித் துடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நாம் வேலை பார்த்த காலத்தில், நீங்கள் நர்ஸாக இருந்த ஆபரேஷன் தியேட்டரில் தாள் மங்கிப்போய் மூலை கிழிந்து தொங்கும். ஆனால் ஊசி ஏறிய நேரத்தைச் சொல்லாமல் எந்தப் பெரிய டாக்டரும் உங்களிடம் கத்தி வாங்க முடியாது. ட்ரேயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நிற்பீர்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்த நான் சும்மா போவேனா?

"கல்யாணத்துக்குக்கூட இப்படி முகூர்த்தம் பாக்க மாட்டாங்க சிஸ்டர்."

"தாலி லேட்டா ஏறினா ஒண்ணும் ஆகாது அண்ணே. மருந்து நேரம் தப்பினா சீழ் வைக்கும். தள்ளி நில்லுங்க."

பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக்காரியின் முறை வந்தது. தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்து டாக்டர் வந்தார்.

"யாருய்யா நீ?"

"முப்பது வருஷம் இதைத் தள்ளினவன் சார். இன்னைக்கு நிறுத்துறேன். ஊசி எத்தனை மணிக்கு?"

ரிஜிஸ்டரைப் பார்த்தார். "எட்டுன்னு இருக்கே."

"அது ஏழு பத்துக்கே எழுதின எட்டு சார். எட்டுன்னே வச்சுக்கிட்டாலும் நாலு மணி நேரம் ஆச்சு. மருந்து சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டவில்லை. மயக்க டாக்டரைக் கூப்பிட்டு, வாசலிலேயே இன்னொரு ஊசி போடச் சொன்னார். அதன் பிறகுதான் பிடியை விட்டேன்.

நாலு நாளாகிறது. கட்டுப் பிரித்தார்கள், புண் காய்ந்திருக்கிறது. "மானத்தை வாங்கிட்டீங்க" என்று என்னைத் திட்டிக்கொண்டே கஞ்சி குடிக்கிறாள்.

பக்கத்து ஆண்கள் வார்டில் திக்லிபூர்க்காரர் ஒருவர். பாக்குத் தோட்டம். துணைக்கு ஆளில்லாமல் ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் வந்தவர். அன்றைக்கு லிஸ்டில் முதல் பேர். பதினோரு மணிக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் இவள் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்கும் அதே ஏழேகால் ஊசி. இப்போது வயிற்றில் பஞ்சு பஞ்சாய்ச் சீழ் எடுக்கிறார்கள். நேரத்தில் போட வேண்டிய ஒரு ஊசியை விட்டுவிட்டு, வேளைக்கு ஒன்றாய் ஏற்றுகிறார்கள்.

"அண்ணாச்சி, உங்க வீட்ல நல்லா இருக்காங்கள்ல?" என்று காலையில் நான் எட்டிப் பார்த்தபோது விசாரித்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "இருக்காங்க" என்றேன்.

ரிஜிஸ்டரைப் பார்த்து வந்த கோபம் அன்றைக்கே போய்விட்டது, சிஸ்டர். அவருடைய ஸ்ட்ரெச்சரை நிறுத்தாமல் விட்டது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. ஸ்ட்ரெச்சரில் வருவது யார் வீட்டு ஆள் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.