செருப்புச் சத்தத்துக்குத் தலை நிமிரும் குதிரை

காக்ஸ் டவுன்,
பெங்களூரு.

அன்பு மகன் டிரேவருக்கு,

கனடாக் குளிரில் மாதா உன்னைச் சுகமாக வைத்திருப்பாள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம். வாட்ஸ்அப் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே, காரணம் இருக்கிறது. மழை விடவில்லை, ஹென்னூர் ரோட்டில் பஸ் நகர்வதற்குள் ஒரு ஜெபமாலையே சொல்லி முடித்துவிடலாம்.

எங்கள் குதிரை ஆஸ்பத்திரிக்குப் போன வாரம் பாதாம் என்று ஒரு பெண் குதிரை வந்தது. அதற்குக் குடல் முறுக்கிக்கொண்டிருந்தது, டாக்டர் சீனிவாசராகவன் மூன்று மணி நேரம் ஆபரேஷன் செய்தார். அப்புறம் அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அடிக்கடி போய் ஜுரம் பார்க்கவேண்டும், வயிற்றில் ஸ்டெத் வைத்துக் குடல் ஓடும் சத்தம் கேட்கவேண்டும், லத்தி போட்டிருக்கிறதா என்று தேடவேண்டும். நீ முகத்தைச் சுளிப்பாய், ஆனால் எங்களுக்கு லத்தி விழுந்தால் அன்றைக்குத் திருவிழா. நான் போகும்போதெல்லாம் பாதாம் காதை நிமிர்த்தி ஒரு வாய் புல்லும் கடிக்கும், நானும் நன்றாக இருக்கிறது என்றே எழுதிவைத்தேன். டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. லாயத்தில் கேமரா வைத்து, மதியம் என்னைக் கூப்பிட்டு, ஜூடித், நீங்க வெளிய போனப்புறம் என்ன பண்ணுது பாருங்க என்றார். நான் கதவைச் சாத்தியதும் அதன் தலை தொங்கிவிட்டது. கடித்த புல் வாயிலேயே கிடந்தது, மெல்லவே இல்லை. மூலையில் நின்று வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. திடீரென்று தலையை நிமிர்த்திக் காதைத் தூக்கியது, என் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டதாம். ஆள் இருந்தால் குதிரை வலியைக் காட்டாது என்பது எனக்குத் தெரியாததல்ல, இருபத்திரண்டு வருஷ வேலை, ஆனாலும் ஏமாந்தேன். உடனே மருந்தை மாற்றினார்கள். நேற்று காலை லத்தி விழுந்தது, அதைப் பராமரிக்கும் நாணு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

என் வீட்டில் கேமரா இல்லை டிரேவர். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிடுவதற்கு அரை மணி முன்னாலேயே நல்ல சேலை மாற்றி, பவுடர் போட்டு, வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். மட்டன் குழம்பு வைத்தேன் என்றேனே, பொய், பன்னும் டீயும்தான். அப்பா போனதிலிருந்து ஒரு ஆளுக்காக அடுப்புப் பற்றவைக்க மனசு வரவில்லை. முகத்தை மட்டும் காட்டுவதால் முழங்கால் வீக்கம் உனக்குத் தெரியாது. கிறிஸ்மஸுக்கு வரட்டுமா என்று நீ கேட்டபோது, எதுக்குடா வீண் அலைச்சல், எனக்கு சர்ச் கொயர் பிராக்டிஸே சரியா இருக்கும் என்று சொன்னேன். கொயருக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. நீ போனை வைத்த பிறகு அதே நாற்காலியில் இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறேன். என்னால் தனியாக இருக்க முடியவில்லையடா. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் கடிதம்.

பயந்துபோய் வேலையில் கோட்டை விடாதே. காதை மூடித் தொப்பி போடு. மாதா உன்னோடு இருக்கட்டும், என் முத்தங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வை. இது கைக்கு வந்த பிறகு நீ கூப்பிடும்போதும் நான் நல்ல சேலையில்தான் இருப்பேன், சிரிப்பேன், வரவேண்டாம் என்றுதான் சொல்வேன். அதைக் கேட்காதே, லீவு எழுதிக் கொடுத்துவிடு.

உன் அம்மா
ஜூடித்