வாய் பேசாத வைக்கோற்போர்

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு மனை பார்க்கப் போனேன். வாசலில் வரிசையாகக் கனகாம்பரம். காட்டுவதற்காக நேற்று நட்டிருப்பார்கள் என்று ஒன்றைப் பிடித்து இழுத்தேன். நன்றாக வேர் பிடித்த செடி, மண்ணோடு கையில் வந்துவிட்டது. அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றேன். "அப்பா, மானம் போகுது," என்றாள் மகள்.

ஈர மண் வாசனையில் உன் ஞாபகம் வந்தது. செடியைக்கூட நம்பாதவனாக என்னை ஆக்கிவிட்டுப் போனவன் நீதானே.

அப்போது நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் சொந்தமாக ஒரு கூரை வேண்டும். அயனம்பாக்கம் ஏரியோரம் மனை ஒன்றைக் கோடையில் காட்டினார்கள். நடுவில் உன் வைக்கோற்போர். நான் தஞ்சாவூர்க்காரன், படிப்பில் தோற்றாலும் வயலில் தோற்கமாட்டேன் என்று நினைப்பு. "தண்ணி நிக்கிற எடத்துல எவனாவது போர் போடுவானா?" என்று மனைவியிடம் மீசையைத் தடவிவிட்டுப் பணத்தைக் கட்டினேன். ஐப்பசியில் போனால் மனைக்கல் எதையும் காணோம். ஏரிதான் இருந்தது.

விற்றவர் மேல் கேஸ் போடுவேன் என்று முழங்கால் தண்ணீரில் நின்று கத்திய அன்றுதான் உன்னை முதலில் பார்த்தேன். "நம்ம போருதான் அண்ணாத்தே. கோர்ட்டுல வந்து சொல்றேன்," என்றாய்.

விற்றவரின் வக்கீல் கெட்டிக்காரர். "தண்ணீர் வராது என்று என் கட்சிக்காரர் சொன்னாரா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "பொய்யே சொல்லாதவர் எப்படி ஏமாற்றியிருக்க முடியும்?" என் எட்டாம் வகுப்பில் அதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. வேண்டுமென்றே மறைப்பதும் ஏமாற்றுவதுதான் என்று என் வக்கீல் சட்டப் புத்தகத்தைத் திறந்தார். மறைத்ததற்குச் சாட்சி நீ ஒருவன்தான்.

"மனைக்காரரு சும்மா போட்டு வையின்னாரு, ஐயா. ஆளுங்க வந்து பாத்துட்டு போனாங்க. மழைக்கு முன்னாடி எடுத்துக்கினு போய்ட்டேன்."

"தண்ணீர் நிற்காது என்று நீ யாரிடமாவது சொன்னாயா?" என்று கேட்டார் விற்றவரின் வக்கீல்.

"நான் சொல்லல. போர் சொல்லிச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வக்கீல் சிரிக்கவில்லை. "அவர் எதற்குப் போடச் சொன்னார் என்று உனக்கு அப்போதே தெரியுமா? யோசித்துச் சொல். தெரியும் என்றால் இதில் நீயும் கூட்டு."

தெரியாது என்றால் அது வெறும் வைக்கோல். என் வழக்கு போய்விடும். கூண்டின் கட்டையைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாய். வராந்தாவில் உன் சம்சாரம் நின்றிருந்தது.

"தெரியும் ஐயா," என்றாய்.

விற்றவர் இறங்கி வந்து மேட்டுப் பக்கம் வேறு மனை கொடுத்தார். ஆனால் நீ உடந்தை என்று உன்மேல் தனியாக ஒரு வழக்குப் போட்டார்கள். அது தள்ளுபடியாகும்வரை அலையாய் அலைந்தாய். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒவ்வொரு கோடையிலும் என் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "இன்னா அண்ணாத்தே, ஒரு போர் போடட்டா?" என்பாய். நானும் சிரிப்பேன்.

இப்போது கேட்க நீ இல்லை. கூண்டிலிருந்து நீ என்னைப் பார்த்தாயே, அப்போது ஒரு சொல் தொண்டை வரை வந்தது. எனக்கு வீடு வேண்டியிருந்தது, விழுங்கிவிட்டேன்.

தெரியாதுன்னு சொல்லிடு, தம்பி.