செல்வி சாப்பிட்ட மல்லித்தழை

வியாழன், இரவு

நான் சமைக்கும் பட்டாசுக் கம்பெனி கேன்டீனுக்கு மல்லித்தழை தரும் மாரியம்மாள், கட்டுகளைச் சாக்கடை ஓடையில் அலசுவதை மதியம் பார்த்தேன்.

"குடிக்கவே தண்ணியில்ல, இதை எங்கன போயி அலசச் சொல்றீக?" என்றாள்.

ஓடி வந்து, அந்தத் தழையைப் பச்சையாகத் தூவியிருந்த வெள்ளரிச் சாலட்டைக் குப்பையில் கொட்டினேன். அதற்குள் மாசமாயிருக்கும் செல்வி ஒரு கிண்ணம் சாப்பிட்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

"ஒண்ணும் செய்யலக்கா. சீசன்ல லீவு கேட்டா ஏசுவாக," என்று வேலைக்குப் போய்விட்டாள்.

மனசு கேட்காமல் சற்றுமுன் போன் செய்தேன். அவள் புருஷன் எடுத்தான்.

"சாயங்காலத்துலருந்து வாந்திக்கா. படுத்திருக்கா."

"ஏலே, அவளைக் கிளப்பி வையி. ஆட்டோல வாரேன்."

ஆட்டோ இன்னும் வரவில்லை. கையை நிறுத்தினால் பயம் வருகிறது, அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதோ, ஹாரன்.