பாதி சாத்திய கதவு

என் அண்ணன் பெற்ற டாக்டரம்மாவுக்கு,

கவிழ்ந்த லாரியை ஒற்றை ஆளாய் நிமிர்த்தியவன் நான். அந்த நெஞ்சைப் பார்த்து, "சித்தப்பா, இதயத் தசை தடிச்சுப்போச்சு, அளவுக்கு மீறிச் சுருங்குது" என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னாயே, அது மரியாதையா?

கால்சியம் உள்ளே போனால்தான் அந்தத் தசை சுருங்குமாம். உன் மாத்திரை, கால்சியம் நுழைகிற கதவைப் பாதி சாத்திவிடுமாம். பாதி சாத்திய கடையில் எவன் வியாபாரம் பார்ப்பான்? பெரிய பெரிய டாக்டர்களையே வாயடைக்க வைத்தவனிடமா இந்தக் கதை? மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன்.

அதுகூடப் போகட்டும். "இது பரம்பரையா வரும், தம்பியையும் கூட்டிட்டு வாங்க" என்று என் மகனையும் இழுத்தாயே, அதுதான் இன்னும் ஆறவில்லை. என் ரத்தத்திலா குறை?

நேற்று பந்து விளையாடும்போது என் மகன் மயங்கி விழுந்தான். வெயில் என்றேன். "மேகமூட்டத்துல ஏதுப்பா வெயில்? நீங்களும் மாடிப்படியில இப்படித்தானே சாயறீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறான். அவனுக்கும் உன் வாய்.

இந்தக் கடிதத்தை நீட்டுகிறவன் அவன்தான். முதலில் அவனைப் பார். நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். நானாக உள்ளே வரமாட்டேன். கூப்பிடு, மெதுவாகக் கூப்பிடு.

கோபம் தீராத,
உன் சித்தப்பா