புதன்கிழமை விமானம்

1952 ஜனவரி 21, திங்கள்
கொழும்பிலிருந்து கடிதம். முத்துமீனாளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. கடையை விட்டு மாப்பிள்ளை நகர முடியாமல், ஏழாம் மாதமே வரவேண்டியவள் இன்னும் அங்கேயே இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதில் பேச்சே இல்லை. ஆனால் கப்பலில் ஏறினால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பாள் என் மகள். விமானத்தில் கூட்டிவரச் சொல்லி மாப்பிள்ளைக்கு எழுதிவிட்டேன்.

ஜனவரி 24
இவர் தேசப்படத்தை விரித்து நூல் பிடித்து அளந்தார். கொழும்புக்குத் திருச்சியைவிட நம் சங்கரன்கோயில்தான் கிட்டவாம்! என்ன பிரயோசனம்? விமானம் இறங்குவது திருச்சியில். கொழும்பு இரத்மலானை விமான நிலையத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் திருச்சி. அங்கிருந்து நம் வீட்டுக்கு ரயிலில் ஒரு ராத்திரி முழுக்க. "ஏட்டி, நம்ம தேரடியில எறக்கிவிடச் சொல்லி தந்தி குடுக்கட்டா?" என்று கிண்டல் வேறு.

ஜனவரி 28
டிக்கெட் கிடைத்தது அடுத்த வாரம், ஆறாம் தேதி புதன்கிழமைக்கு. சம்பந்தி காந்திமதியம்மாள் முட்டுக்கட்டை போடுகிறாள். புதன் வடக்கே சூலமாம், வயிற்றுப்பிள்ளைக்காரியை அனுப்பமாட்டாளாம். வானத்தில் ஏது சூலம்? அடுத்த விமானம்வரை பொறுத்தால் டாக்டர் ஏற விடமாட்டார்.

சம்பந்தி மதினிக்கு மட்டுந்தான் சாஸ்திரம் தெரியுமோ? பரஸ்தானம் வைக்கச் சொல்லி எழுதினேன். திங்களன்றே நல்ல நேரம் பார்த்து மகளின் துணிமூட்டையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால், அவள் அன்றைக்கே கிளம்பியதாகக் கணக்கு. புதனன்று போகிறபோது மூட்டையை எடுத்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 2
தந்தி. சம்மதமாம். என்னிடமா, இந்த ஆனந்தவல்லியிடமா அவள் சாஸ்திரம் செல்லும்!

பிப்ரவரி 6, புதன் — திருச்சி ஆசுபத்திரி
விமானத்திலிருந்து மாப்பிள்ளை கைத்தாங்கலாக இறக்கும்போதே அவள் முகம் சரியில்லை. "அம்மா, இடுப்பு வலிக்கி" என்றாள். மூட்டை எங்கே என்றேன். புறப்பட்ட அவசரத்தில் பக்கத்து வீட்டிலேயே விட்டுவிட்டார்களாம். பிள்ளைத்துணி, பேறுகால மருந்து எல்லாம் அதில். யோசனை சொன்னது யார்? நான்தான்.

மெல்ல ரயிலேறிவிடலாம் என்றார் இவர். ஒரு நிமிஷம் எனக்கும் ஆசைதான். தாய்வீடு, தாய்வீடு என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறேனே. ஆனா நடுவழியில எம்புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா? முடியவே முடியாதுன்னுட்டேன். நேரே இங்கே வண்டி பிடித்தோம்.

உள்ளே இருக்கிறாள். சத்தமே காணோம் — சங்கரா, கோமதித் தாயே.

பிப்ரவரி 7
பெண். இரண்டு உயிரும் சுகம். என் பழைய நூல்சேலையைக் கிழித்துச் சுற்றினேன். அழுதேன், நன்றாகவே அழுதேன்.

பிப்ரவரி 19
பச்சைப்பிள்ளையை ரயிலில் ஏற்றக்கூடாதென்று ஆசுபத்திரிக்கு எதிரிலேயே அறை எடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டார்.

இன்று சம்பந்தியின் கடிதம். மூட்டை கொழும்பிலேயே கிடப்பதால் மருமகள் கிளம்பியதாகவே கணக்கில்லை, சூலம் சும்மா விடுமா, பேத்தி தாய்வீட்டிலும் பிறக்கவில்லையே என்று ஒரு பக்கம் நிறைய. என்ன பதில் எழுத என்று கேட்டார் இவர். மகளுக்குப் பத்தியச்சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"தாய் இங்கனதான இருக்கேன்? பொறவு தாய்வீடு எங்க போவும்? அப்படியே எழுதுங்க."

மூட்டையைக் கப்பலிலேயே அனுப்பச் சொன்னேன். அதற்கு வாந்தி வராது.